ஆடு தின்னாத இலை

"மூலிகைதானே, நல்லது செய்யலைன்னாலும் கெடுதல் செய்யாது." இந்த வாக்கியத்தைக் கேட்காத வீடு நம்ம ஊரில் இருக்காது. கூடவே இன்னொன்றும் வரும்: "ஆயிரம் வருஷமா சாப்பிட்டுட்டு வர்றாங்க, கெடுதல்னா இத்தனை நாள் தெரியாமலா இருக்கும்?"

முதல் வாக்கியத்தை எந்த நல்ல சித்த வைத்தியரும் ஒத்துக்கொள்ள மாட்டார். சேராங்கொட்டையையும் எட்டிக் கொட்டையையும் கையில் எடுப்பவருக்கு மூலிகை என்றால் என்ன என்று தெரியும். சுத்தி செய்வதும், பத்தியம் சொல்வதும், ஒரு மண்டலம் அரை மண்டலம் என்று கணக்கு வைப்பதும் அதனால்தான். ஆனால் இரண்டாவது வாக்கியத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. நூறு தலைமுறை தின்று பார்த்த ஒன்றை ஏன் சந்தேகப்பட வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஒரு செடிக் குடும்பத்தின் வரலாறே பதிலாக இருக்கிறது. சில மாதங்களாக அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்துக் குறித்து வைத்தேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே கோர்த்திருக்கிறேன்.

செடி நமக்குத் தெரிந்ததுதான். கரிசல் காட்டு வரப்பிலும் தரிசிலும் தரையோடு படர்ந்து கிடக்கும் ஆடுதின்னாப்பாளை. சாம்பல் பூத்த பச்சை இலை, கருஞ்சிவப்பு நாக்கை நீட்டியது போல ஒரு பூ. காய் காய்ந்தால் தலைகீழாகத் தொங்கும் குட்டிக் குடை போல விரியும். இலையின் வடிவம் கிட்டத்தட்ட சிறுநீரகம் மாதிரி. (இதைப் பின்னால் நினைத்துக்கொள்ளுங்கள்.) தாவரவியலில் இதன் பெயர் அரிஸ்டோலோக்கியா பிராக்டியோலேட்டா. இதற்குக் கொடியாக ஏறும் சகோதரி ஒன்று உண்டு, ஈஸ்வரமூலி. பெருமருந்துக் கொடி என்றும் சொல்வார்கள், அரிஸ்டோலோக்கியா இண்டிகா. குடற்புழு, கரப்பான், விஷக்கடி என்று நம் நாட்டு வைத்தியத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு.

பேர் வைத்தவர் யாரோ நன்றாகக் கவனித்திருக்கிறார். கண்டதையெல்லாம் கடிக்கும் ஆடே இதை விட்டுவிட்டுப் போகிறது என்பது சாதாரணச் செய்தி இல்லை. 1980களில் சூடான் நாட்டுக் கால்நடை ஆய்வாளர்கள் இதே செடியை ஆடுகளுக்குக் கொடுத்துப் பார்த்து, நஞ்சு என்றே எழுதிவைத்தார்கள். நம்ம ஊர்ப் பேரிலேயே அந்த ஆய்வின் முடிவு இருக்கிறது!

இந்தக் குடும்பத்தில் உலகம் முழுக்கச் சுமார் 500 இனங்கள். மருந்துப் பெருமையும் அதே அளவுக்குப் பரந்தது. 'அரிஸ்டோலோக்கியா' கிரேக்கச் சொல். 'அரிஸ்டோஸ்' என்றால் மிகச் சிறந்த, 'லொக்கியா' என்றால் பிரசவம். பூவின் வடிவம் கருப்பை போல வளைந்து இருக்கிறது, ஆகவே பிரசவத்துக்கு நல்லது என்று ஒரு கணக்கு. கிரேக்க மருத்துவ நூல்களில் இடம் பிடித்து, இடைக்கால ஐரோப்பா முழுக்கப் பேறுகால மருந்தாகப் புழங்கியது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கீல்வாதத்துக்குப் பிரபலமாக இருந்த 'போர்ட்லண்ட் பவுடர்' என்ற சூரணத்திலும் இதன் வேர் ஒரு சரக்கு. அமெரிக்காவில் இதன் உறவுச் செடி ஒன்றைப் பாம்புக்கடிக்குக் கொடுத்தார்கள். நம் ஈஸ்வரமூலியும் பாம்புக்கடிக்குத்தான் பேர்போனது. ஒருவரை ஒருவர் பார்த்தே இராத ஜனங்கள் ஒரே குடும்பத்துச் செடியை ஒரே காரியத்துக்குப் பிடித்தது எப்படி என்பது இன்னொரு கட்டுரைக்கான விஷயம்.

அதெல்லாம் மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால் அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற சரக்கு இருக்கிறது. பாம்பு விஷத்தில் உள்ள ஒரு முக்கியமான நொதியை அது அடக்குகிறது என்பது ஆய்வுக்கூடக் குழாயில் நிரூபணமான சங்கதி. (குழாயில் நடப்பது உடம்பில் அப்படியே நடக்காது. பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், கொடியைத் தேடாதீர்கள்.) வீக்கத்தைக் குறைக்கும் குணமும் உண்டு. நவீன மருந்துத் தொழில்கூட இதை விடவில்லை. ஜெர்மனியில் இந்த அமிலம் கலந்த மருந்துகள் 1981 வரை விற்பனையில் இருந்தன. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சில மாதங்களிலேயே வயிற்றில் புற்று வந்தது. உடனே அங்கே விலக்கிவிட்டார்கள். ஜெர்மனியில் விலக்கியது மற்ற நாடுகளின் காதில் அவ்வளவாக விழவில்லை.

பத்து வருஷம் கழித்து அந்தக் கணக்கு பெல்ஜியத்தில் வந்து நின்றது.

1992இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் சிறுநீரக மருத்துவர்களிடம் இரண்டு பெண்கள் வந்தார்கள். இருவருக்கும் வயது அதிகமில்லை. இருவருக்கும் சிறுநீரகம் படுவேகமாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. சர்க்கரை இல்லை, பெரிய ரத்தக்கொதிப்பு இல்லை, வழக்கமான காரணம் எதுவும் இல்லை. பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று: இருவரும் உடம்பு இளைக்க ஒரே கிளினிக்குக்குப் போயிருந்தார்கள். ஷான்-லூயி வான்ஹெர்வெகம் என்ற பேராசிரியரும் அவர் குழுவும் சும்மா விடவில்லை. நகரத்தின் டயாலிசிஸ் பிரிவுகளில் விசாரித்தார்கள். அதே கிளினிக்கின் மாத்திரையைச் சாப்பிட்ட, 50 வயதுக்குக் குறைந்த இன்னும் ஏழு பெண்கள் டயாலிசிஸில் இருந்தார்கள். 1993இல் 'லான்செட்' இதழில் இது வெளியானது.

எனக்கு இதில் பிடித்தது அவர்கள் கேட்ட அடுத்த கேள்வி. அந்தக் கிளினிக் பல வருஷமாக நடந்துகொண்டிருந்தது, முன்னே யாருக்கும் இப்படி ஆனதில்லை. அப்படியானால் எப்போது எது மாறியது? பதில்: 1990 மே மாதம். அப்போதுதான் மாத்திரையில் இரண்டு சீன மூலிகைகளைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். அதில் ஒன்று ஸ்டெஃபானியா என்ற கொடியின் கிழங்குப் பொடி. சீனத்தில் அதற்கு 'ஃபாங் ஜி' என்று பெயர். ஸ்டெஃபானியாவுக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் பேரே கிடையாது. பொடியைச் சோதித்துப் பார்த்தால், ஸ்டெஃபானியாவில் இருக்க வேண்டிய சரக்கு பெரும்பாலான மூட்டைகளில் இல்லை. அதற்குப் பதிலாக இருந்தது அரிஸ்டோலோக்கிக் அமிலம்.

என்ன நடந்தது? சீனக் கடைத்தெருவில் 'ஃபாங் ஜி' என்பது ஒரு செடியின் பெயர் இல்லை. 'ஹான் ஃபாங் ஜி' என்றால் ஸ்டெஃபானியா, 'குவாங் ஃபாங் ஜி' என்றால் அரிஸ்டோலோக்கியா. காய்ந்த கிழங்கு வில்லைகளாக மூட்டையில் வந்தால் இரண்டும் ஒரே மாதிரி. ஒன்று கிடைக்காத பருவத்தில் இன்னொன்றைப் போட்டு விற்பது வியாபாரத்தில் சகஜம். நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையில் ஒரே பேரில் ஊருக்கு ஊர் வேறு வேர் கிடைப்பது போலத்தான். இதே கதை 'மு தொங்' என்ற இன்னொரு சரக்கிலும் நடந்தது. அக்கீபியா கொடிக்குப் பதிலாக மஞ்சூரியாவின் அரிஸ்டோலோக்கியா தண்டு சந்தையை நிறைத்தது. அதைச் சாப்பிட்டுச் சிறுநீரகம் நின்றுபோன இரண்டு பேரைப் பற்றி 1964லேயே சீன மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கிறார். வெளியுலகம் அதைப் படித்திருந்தால்!

பெல்ஜியத்தில் கடைசியில் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 100 பேர். அந்த மாத்திரையை விழுங்கியவர்கள் அதைப்போல் பல மடங்கு. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்லது ஆனது தெரியவில்லை. "நான் சாப்பிட்டேனே, எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்ற சாட்சியத்தின் எடை எவ்வளவு என்று இதில் தெரிகிறது.

சிறுநீரகத்தோடு கதை முடியவில்லை. செயலிழந்த சிறுநீரகத்தையும் சிறுநீர்க் குழாயையும் சில நோயாளிகளுக்கு முன்னெச்சரிக்கையாக எடுத்துவிட்டார்கள். அப்படி எடுத்த 39 பேரின் திசுக்களைப் பார்த்ததில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய். 2000ஆம் ஆண்டு வெளியான இந்த எண் இன்றும் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கும் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. மொத்தமாக 200 கிராமுக்கு மேல் அந்தப் பொடியை விழுங்கியவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று கணக்கு சொன்னது. 200 கிராம் என்பது என்ன? தினம் ஒரு கிராம் வீதம் ஏழு மாதம்கூட ஆகாது.

இந்த இடத்தில் சீன மருத்துவத்தின் பக்கமும் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். ஃபாங் ஜி அவர்கள் மரபில் உடம்பு இளைக்கும் மருந்து அல்ல. பிரஸ்ஸல்ஸ் மாத்திரை எந்தச் சீன வைத்தியரும் எழுதிக் கொடுத்த கஷாயமும் அல்ல. பசியை அடக்கும் ஆங்கில மருந்துகளோடு மூலிகைப் பொடியையும் சேர்த்து மாதக்கணக்கில் விழுங்க வைத்தது. இன்ன நோய்க்கு, இத்தனை நாள், அப்புறம் நிறுத்து என்று மரபு போட்டிருந்த வேலியைப் பிடுங்கிவிட்டு, சரக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இன்றைய 'சப்ளிமென்ட்' டப்பாக்கள் பலவற்றின் கதையும் இதுதான். "தினமும் இரண்டு" என்று போட்டிருக்கும். எப்போது நிறுத்த வேண்டும் என்று போட்டிருக்காது.

ஆனால் "மரபுப்படி கொடுத்தால் ஒன்றும் ஆகாது" என்று நிம்மதியாகிவிட முடியுமா? தைவான் அந்த நிம்மதியைக் கெடுக்கிறது. அங்கே சீன மரபு மருந்துகளும் அரசு மருத்துவக் காப்பீட்டில் அடக்கம். அதனால் யாருக்கு எந்த மருந்து எத்தனை கிராம் எழுதப்பட்டது என்ற பதிவு இருக்கிறது. இப்படி ஒரு புதையல் கிடைப்பது அபூர்வம். இரண்டு லட்சம் பேரின் பதிவை மாதிரிக்கு எடுத்துப் பார்த்தார்கள். 1997 முதல் 2003 வரை, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்கு அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கக்கூடிய மருந்து எழுதப்பட்டிருந்தது. எழுதியவர்கள் போலி வைத்தியர்கள் அல்ல, முறையாகப் படித்துப் பதிவு பெற்றவர்கள். உலகத்திலேயே மேல் சிறுநீர்ப் பாதைப் புற்றுநோய் மிக அதிகமாக இருக்கும் இடங்களில் தைவானும் ஒன்று. 2012இல் அப்படிப்பட்ட 151 நோயாளிகளைச் சோதித்ததில் 60 சதவீதம் பேருடைய சிறுநீரக டிஎன்ஏவில் இந்த அமிலத்தின் தடம் ஒட்டிக்கொண்டிருந்தது.

தடம் என்று சொன்னேன் இல்லையா, அது வெறும் பேச்சு இல்லை. உடம்புக்குள் போன அமிலத்தை நம் நொதிகளே மாற்றி, டிஎன்ஏவின் 'ஏ' எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஒன்றாக ஆக்கிவிடுகின்றன. டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் ஏற்பாடு செல்லுக்குள் இருக்கிறது. ஆனால் இந்த ஒட்டு அதன் கண்ணுக்குச் சரியாகப் படுவதில்லை. அதனால் சாப்பிட்டு இருபது வருஷம் ஆனாலும் அங்கேயே இருக்கும். செல் பிரியும்போது அந்த 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'டி' வந்து உட்காரும். வேறு எந்தக் காரணத்தாலும் இந்த மாற்றம் இவ்வளவு அடர்த்தியாக வருவது அபூர்வம். போலீஸ்காரர் கைரேகை எடுப்பது போல, கட்டியின் டிஎன்ஏவைப் படித்து "இது அரிஸ்டோலோக்கியா வேலை" என்று சொல்லிவிட முடிகிறது. 2017இல் தைவானின் 98 ஈரல் புற்றுக் கட்டிகளைப் படித்தார்கள். 78 சதவீதத்தில் இதே கைரேகை. அதுவரை ஈரலைப் பற்றி யாரும் பெரிதாகச் சந்தேகப்பட்டிருக்கவில்லை.

இந்தக் கைரேகைதான் இன்னொரு பழைய வழக்கையும் தீர்த்து வைத்தது. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி இது.

டான்யூப் ஆறும் அதன் கிளைகளும் பாயும் பால்கன் சமவெளி. செர்பியா, பல்கேரியா, ருமேனியா, போஸ்னியா, குரோவேஷியா. இந்தப் பகுதியின் சில விவசாயக் கிராமங்களில் ஒரு விசித்திரமான சிறுநீரக நோய் இருப்பதை 1950களில் மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். குழந்தைகளுக்கு வராது. நாற்பது, ஐம்பது வயதில் மெல்ல ஆரம்பிக்கும். ஒரு கிராமத்தில் இருக்கும், பக்கத்துக் கிராமத்தில் இருக்காது. ஒரு வீட்டில் அப்பா, அம்மா, மகன் என்று வரிசையாக வரும். ஆனால் வெளியே இருந்து மருமகளாக வந்தவளுக்கும் வரும். அப்படியென்றால் வெறும் ரத்த சம்பந்தம் இல்லை. தண்ணீரா, நிலக்கரிப் படிவமா, கன உலோகமா, வைரஸா, தானியத்தில் பிடிக்கும் பூஞ்சையா என்று அரை நூற்றாண்டு தேடினார்கள்.

1969இல் செர்பிய மருத்துவர் இவிச் ஒரு யோசனை சொன்னார். கோதுமை வயலில் களையாக அரிஸ்டோலோக்கியா முளைக்கிறது. கோதுமை முற்றும் சமயத்தில்தான் அதன் காயும் முற்றுகிறது. அறுவடையில் விதை கலக்கிறது, மாவில் அரைபடுகிறது, வீட்டு ரொட்டியில் தினமும் வயிற்றுக்குள் போகிறது. அந்தச் செடி கலந்த வைக்கோலைத் தின்ற குதிரைகளுக்குச் சிறுநீரகம் கெட்டதை அதற்கு முன்பே கால்நடை மருத்துவர் ஒருவர் கவனித்திருந்தார். இவ்வளவு சொல்லியும் உலகம் பெரிதாகக் காது கொடுக்கவில்லை, பூஞ்சையின் பின்னாலேயே போனது.

பிரஸ்ஸல்ஸ் பெண்களின் சிறுநீரகத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்த பெல்ஜிய ஆய்வாளர்கள்தான் "இது பால்கன் நோய் மாதிரியே இருக்கிறதே" என்று 1990களில் முதலில் எழுதினார்கள். பிறகு அமெரிக்காவின் ஆர்தர் கிரோல்மனும் குரோவேஷிய மருத்துவர்களும் அந்தக் கிராமங்களுக்குப் போய் வீடு வீடாக விசாரித்தார்கள். வயலில் அந்தக் களை நிறைய இருந்தது, விதையைப் பிரித்தெடுக்கவில்லை, சொந்தக் கோதுமையில்தான் ரொட்டி சுட்டோம் என்று முதியவர்கள் சொன்னார்கள். அவர்களுடைய சிறுநீரகத்திலும் கட்டியிலும் அதே ஒட்டு, அதே 'ஏ'யிலிருந்து 'டி'. 2007இல் அறிக்கை வெளியானது. இவிச் சொல்லி 38 வருஷம் கழித்து!

யோசித்துப் பாருங்கள். அந்த ஜனங்கள் மண்ணோடு வாழ்ந்தவர்கள். எந்தக் காளான் கொல்லும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் களையையும் தெரியும், பெயர் தெரியும். ஆனாலும் ரொட்டிக்கும் முப்பது வருஷம் கழித்து வரும் நோய்க்கும் முடிச்சுப் போட அவர்களால் முடியவில்லை. எந்த மனுஷனாலும் முடியாது. இன்று தின்றால் இன்று ராத்திரி வாந்தி வருகிறதா, மரபு அதைப் பிடித்துவிடும். கர்ப்பம் கலைகிறதா, பிடித்துவிடும். ஆடு ஒதுங்கினால் பேரிலேயே எழுதி வைத்துவிடும். ஆனால் நூற்றில் ஐந்து பேருக்கு, இருபது முப்பது வருஷம் கழித்து வரும் ஒன்றைப் பிடிக்க அனுபவத்தால் ஆகாது. அதற்குப் பேரேடு வேண்டும், எண்ண வேண்டும். வைத்தியர் பேரனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நோயாளிக்கு நோயே வருகிறது.

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்ற பழமொழியைச் சொன்னால், அது தப்பு, "ஆயிரம் வேரைக் கண்டவன்" என்பதுதான் சரி என்று யாராவது உடனே திருத்துவார்கள். இருக்கட்டும். அரிஸ்டோலோக்கியா விஷயத்தில் ஆயிரம் வேரைக் கண்டவர்களும் நிற்கிறார்கள், ஆயிரம் பேருடைய சிறுநீரகமும் நிற்கிறது. மீதி அரை வைத்தியம் எங்கே என்று தேடினால் அது தைவானின் காப்பீட்டுப் பதிவில் கிடக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் அரிஸ்டோலோக்கியா உள்ள மூலிகை மருந்துகளை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் வகையில் வைத்தது. புகையிலையும் அதே வகைதான். சீனா 2003, 2004இல் முக்கியமான மூன்று சரக்குகளை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. தைவான் 2003 நவம்பரில் தடை செய்தது.

நம்ம ஊரில் நிலைமை என்ன? இணையத்தில் 'ஆடுதின்னாப்பாளை பொடி' என்று தட்டிப் பாருங்கள். நூறு கிராம் பொட்டலமாக வீட்டுக்கே வரும். யூடியூபில் வெறும் வயிற்றில் காலையில் குடிக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடும் என்று ஒரு பேச்சு உண்டு. முழுக்கப் போவதில்லை, கஷாயத்திலும் அமிலம் இருக்கிறது. தோலின் மேல் பற்றுப் போடுவதையும் தினம் உள்ளே குடிப்பதையும் நான் ஒன்றாகப் பார்க்கவில்லை. ஆனால் உள்ளே சாப்பிடும் பேச்சுக்கு என் பதில் ஒற்றைச் சொல்தான்: வேண்டாம். புழுவுக்கு இன்று பத்திரமான மாத்திரை அரசு மருத்துவமனையில் சும்மாவே கிடைக்கிறது. அதற்காகச் சிறுநீரகத்தைப் பணயம் வைப்பானேன்?

எல்லா மூலிகையும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. இஞ்சியும் சீரகமும் இந்தக் கணக்கில் வராது. எந்தப் பொடியை வாங்கினாலும் தாவரவியல் பெயர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வட்டாரப் பெயர் மட்டும் இருந்தால் உள்ளே என்ன செடி என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி, பெருமருந்து, வடக்கிலிருந்து வரும் பொட்டலங்களில் கீடமாரி, ஈஸ்வர்மூல் என்று எது இருந்தாலும், 'அரிஸ்டோலோக்கியா' என்ற சொல் இருந்தாலும் கீழே வையுங்கள். முன்பே மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் பயந்துகொண்டு உட்கார வேண்டாம். ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து, சிறுநீரும் ஒரு தடவை சோதித்து, "இந்த மூலிகையை இத்தனை நாள் சாப்பிட்டேன்" என்று மருத்துவரிடம் பேரோடு சொல்லுங்கள். சிறுநீரில் எப்போதாவது ரத்தம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும், தள்ளிப் போடாமல் போய்ப் பாருங்கள்.

இந்தச் செடியைத் தின்றே வளரும் ஜீவன்களும் உண்டு என்று சொல்ல விட்டுப்போச்சு. காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ் என்ற கறுப்பு சிவப்பு வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும்தான் ஆகாரம். அந்த அமிலத்தை உடம்பிலேயே சேமித்து வைத்துக்கொள்வதால் பறவைகள் அவற்றைத் தொடுவதில்லை. அடுத்த முறை வரப்பில் அந்தச் செடியைப் பார்த்தால் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள், இலையைத் திருப்பிப் பாருங்கள். முட்டை இருக்கும்.